நான்சி டீச்சரின் இன்னொரு பாதி

பிலோமினா அக்கா இறந்த செய்தி வந்தபோது நான் நான்சியாக இருந்தேன்.

இதை விளக்காமல் மேலே போக முடியாது. தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் அட்டைப்பெட்டி செய்யும் ஒரு பட்டறைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம் இருக்கிறது. சீன மொழி பேசுகிறவர்களுக்கு இணையம் வழியாக ஆங்கிலம் கற்றுத்தருகிறோம். தைவானில், மலேசியாவில், சிங்கப்பூரில் இருந்தெல்லாம் மாணவர்கள் உண்டு. எங்கள் முகம் அவர்களுக்குத் தெரியாது, குரல் மட்டும்தான். திரையில் மஞ்சள் சட்டை போட்ட ஒரு பெண் சிரித்துக்கொண்டிருப்பாள். அவள் பெயர் நான்சி. எங்கள் கம்பெனியில் பெயர் ஆளுக்குக் கிடையாது, நாற்காலிக்குத்தான். காலையில் அந்த நாற்காலியில் உட்காருகிறவள் நான். மதியத்துக்கு மேல் அக்கா. மாணவர்களைப் பொறுத்தவரை நாங்கள் இருவரும் ஒரே நான்சி டீச்சர்.

அன்று காலை கோலாலம்பூரில் வங்கி வேலை பார்க்கும் ஓர் இளைஞருக்கு வகுப்பு. மேசைமேல் கைப்பேசி அதிர்ந்தது. அக்காவின் தம்பி அந்துவான். வகுப்பு நடுவில் போனை எடுத்தால் மாணவர் தரும் நட்சத்திரம் குறையும், அதனால் கவிழ்த்து வைத்தேன். மறுபடி அதிர்ந்தது. மறுபடியும் விட்டேன். அந்த இளைஞர் தன் மேலாளரைப் பற்றி ஏதோ வேடிக்கையாகச் சொல்ல, நான் சிரித்தேன். நான்சிக்கென்றே நான் வைத்திருக்கும் வாய்நிறைந்த சிரிப்பு. வகுப்பை முடித்து, விடைபெற்று, அவர் நட்சத்திரங்களைப் போட்டுவிட்டாரா என்று பார்த்த பிறகுதான் வெளியே நடைக்கு வந்து பேசினேன்.

"அக்கா போயிட்டாங்க, வசந்திம்மா," என்றார் அந்துவான். "காபி கொண்டுபோயி எழுப்பினேன். எழுந்திரிக்கல."

கீழே அட்டை வெட்டும் எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. "இன்னா சொல்றீங்க? கேக்கல!" என்று கத்தினேன். அவர் அதை இன்னொரு முறை சொல்ல வேண்டியதாயிற்று. ஒரு தம்பியை அந்த வார்த்தையை இரண்டு தடவை சொல்லவைத்தவள் நான்.

அந்தச் சிரிப்பும் இந்தக் கத்தலும் இன்னும் என் காதில் இருக்கின்றன. ஆனால் இவை சின்னவை. இவற்றைவிடப் பெரிய ஒன்று என்மேல் இருக்கிறது. அதை அதன் இடத்தில் சொல்கிறேன். அக்கா யார் என்று தெரியாதவர்களுக்கு முதலில் அவரைத் தெரிய வேண்டும்.

அவருடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். எங்கள் ஊர் வழக்கில் சொல்தா. அக்கா பிரெஞ்சுப் பள்ளியில் படித்துவிட்டு, கடற்கரைப் பக்கம் ஒரு தங்கும் விடுதியின் வரவேற்பு மேசையில் பல வருடம் உட்கார்ந்தவர். ஆங்கிலத்தைப் பள்ளியில் கற்றதைவிட, அறைச்சாவியைத் தொலைத்துவிட்டு வந்து நிற்கும் வெளிநாட்டுக்காரர்களிடம் கற்றதுதான் அதிகம் என்பார். விடுதியை மூடியதும், ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, எங்களோடு பயிற்சிக்கு வந்து உட்கார்ந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சாரம் பகுதியில் தம்பி குடும்பத்தோடு இருந்தார். குட்டையாக வெட்டிய முடி, கஞ்சி போட்ட நூல்புடவை, ஆம்பளைக் கடிகாரம். பார்த்தவுடன் எனக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

பயிற்சியின் முதல் வாரத்தில் எங்கள் மேற்பார்வையாளர் பிரபாகர், 'டேக்' என்ற ஆங்கில வினைச்சொல்லுக்கு ஒரு தாள் கொடுத்தார். எடு, கொள், ஏறு, பிடி, கொண்டுபோ, தாங்கு என்று அதற்கு இருபதுக்கு மேல் பொருள். ஒவ்வொன்றுக்கும் எதிரே சீன எழுத்து. சீன மொழி பேசுகிறவர்கள் அதிகம் தடுமாறும் சொல் இதுதான், வரிசையாக ஒப்பிக்கவையுங்கள் என்றார். அக்கா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, தாளை மேலிருந்து கீழ்வரை படித்தார்.

"தம்பி, இது மளிகைச் சிட்டை மாதிரி இருக்குது. சிட்டையைப் படிச்சி எவனாவது சமையல் கத்துக்கினு இருக்கானா?" என்றார்.

பிரபாகர் நல்ல பையன், பயந்த சுபாவம். காதைச் சொறிந்தார்.

அக்கா எடுத்த முதல் வகுப்பைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். தாளைத் தொடவே இல்லை. "காய்ச்சல் வந்தால் மாத்திரையை உங்கள் ஊரில் என்ன செய்வீர்கள்?" என்று மாணவியைக் கேட்டார். சாப்பிடுவோம் என்றாள் அந்தப் பெண். "நாங்களும் சாப்பிடத்தான் செய்வோம்!" என்று, விட்டுப்போன சொந்தத்தைக் கண்டுபிடித்ததுபோல் அக்கா மகிழ்ந்துபோனார். ஆங்கிலத்தில் அதை 'எடுத்துக்கொள்வார்கள்' என்று அதற்குப் பிறகுதான் சொன்னார். பஸ்ஸை? சீன மொழியில் பஸ்ஸில் உட்காருவார்களாம். நாம் ஏறுவோம். ஆங்கிலத்தில் பஸ்ஸையும் எடுப்பார்கள். போட்டோவை அவர்கள் தட்டுவார்கள், நாம் எடுப்போம். இங்கே மட்டும் நாமும் ஆங்கிலக்காரரும் ஒரு கட்சி. நேரத்தை அவர்கள் செலவழிப்பார்கள், நமக்கு நேரம் பிடிக்கும். இப்படியே ஊர் ஊராகச் சுற்றிக்காட்டி, ஒரு மணி நேரத்தில் அந்தப் பெண்ணைப் பத்துப் பதினைந்து வாக்கியம் தானாகப் பேசவைத்துவிட்டார்.

முடித்ததும் எங்கள் பக்கம் திரும்பி, "லீவைக் கேட்டு வாங்குறவன் சீனாக்காரன். போடுறவன் நாம. யாரையும் கேக்காம எடுத்துக்குறவன் இங்கிலீஷ்காரன். அவன் எதைத்தான் எடுக்கல? நம்ம ஊரைத்தான் பிரெஞ்சுக்காரன் முந்திக்கிட்டான்," என்றார். அறையே சிரித்தது. அன்றிலிருந்து அவர்மேல் எனக்கிருந்த பயம் போயிற்று.

மாணவர் எப்படிப் பேசினாலும் அது தப்பு என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. "அவங்க தப்பாப் பேசல, வசந்தி. அவங்க ஊரு வழியில பேசறாங்க. நம்ம வழியைக் காமிச்சா வரப்போறாங்க. அதுக்கு ஏன் வள்ளுன்னு வுழுற?" என்பார். வள்ளென்று விழுகிறவள் நான்தான். எனக்குப் பொறுமை கிடையாது. வகுப்பு முடிந்து பஸ்ஸைப் பிடிப்பதிலேயே என் கண் இருக்கும்.

ஒரு முறை ஒரு மாணவர் கருத்துப் பெட்டியில் எழுதியிருந்தார்: 'நான்சி டீச்சர் சாப்பிடுவதற்கு முன் கோபமாக இருக்கிறார், சாப்பிட்ட பிறகு அன்பாக இருக்கிறார். கம்பெனி அவருக்குக் காலை உணவு கொடுத்தால் நல்லது.' பிரபாகர் அதை எங்கள் இருவருக்கும் வாசித்துக்காட்டினார். அக்காவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மறுநாள் காலை நான் வரும்போது நாற்காலியில் ஒரு டப்பா இருந்தது. அதில் நான்கு இட்லி, மேலே மிளகாய்ப்பொடி. எனக்காகக் காலையிலேயே ஒரு நடை வந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். சாப்பிட்டேன். அன்றும் வள்ளென்றுதான் விழுந்தேன்.

நான்சியை ஒரே ஆளாகக் காப்பாற்றுவது எங்கள் வேலையில் பாதி. காலையில் என்னோடு பேசியவர் அடுத்த தடவை மாலையில் வந்து, 'டீச்சர், உங்கள் மகன் பரீட்சை எழுதிவிட்டானா?' என்று அக்காவைக் கேட்பார். மற்ற நாற்காலிக்காரர்கள் இதற்காகக் கதை கட்டிவிட்டிருந்தார்கள். எமிலிக்கு லண்டனில் அத்தை, ஜூலிக்குப் பனிச்சறுக்கு. அக்கா அதற்கு ஒப்பவில்லை.

"நம்ம ரெண்டு பேருல ஒருத்திக்காவது நடந்ததைத்தான் நான்சி சொல்லணும். யாருக்கு நடந்துச்சின்னு அவங்க கேக்கப்போறதில்ல. ஆனா நடந்திருக்கணும்," என்றார்.

ஆகவே நான்சிக்குப் பாலிடெக்னிக் படிக்கும் என் மகன் இருந்தான், அக்காவின் மூட்டுவலியும் இருந்தது. என் கணவரின் குறட்டையும், அக்காவின் ஞாயிற்றுக்கிழமைப் பூசையும் ஒரே பெண்ணுக்கு. மீன் வாடையே ஆகாத நான், அக்கா வைக்கும் சங்கராக் குழம்பை நான்சியாக உட்கார்ந்து புகழ்ந்திருக்கிறேன். மதியம் ஆள் மாறும்போது இருவரும் நடையில் உட்கார்ந்து சாப்பிடுவோம். அதுதான் எங்களுக்குக் கைமாற்றும் நேரம். "இன்னிக்கி நான்சி இன்னா பண்ணா?" என்று கேட்டுக்கொண்டே அவர் டப்பாவைத் திறப்பார். நான் சொல்வேன். பிறகு நேற்று மாலை நான்சிக்கு நடந்ததை அவர் சொல்வார். இத்தனை வருடத்தில் நான் ஒரு பெண்ணோடு அவ்வளவு பேசியதில்லை. என் கூடப்பிறந்தவர்களோடும் இல்லை.

இனி மெய்லிங். தைவானில் ஒரு மருத்துவமனையில் இருதய நோயாளிகளின் வார்டில் நர்ஸ். வெளிநாட்டில் வேலைக்குப் போக ஆங்கிலம் படித்தார். அவருடைய டியூட்டி மாறி மாறி வரும், அதனால் சில நாள் என்னிடம், சில நாள் அக்காவிடம். வார்டு வேலைக்கு வேண்டிய ஆங்கிலத்தில் பாதி அந்த 'டேக்'தான். நாடி பார்ப்பது, ரத்தம் எடுப்பது, மாத்திரை, மூச்சை இழுப்பது, எல்லாவற்றுக்கும் அது வேண்டும். அக்கா அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். அவர் நோயாளி, மெய்லிங் நர்ஸ். நர்ஸ் சொல்லச் சொல்ல நோயாளி செய்ய வேண்டும்.

ஒரு மதியம் அக்கா சாப்பிட உட்கார்ந்ததும் சிரித்தார்.

"நேத்து அந்த நர்சு எனக்கே வைத்தியம் பாக்க ஆரம்பிச்சிட்டா, வசந்தி. மூச்சை நல்லா இழுத்து நிறுத்துங்கன்னா. நிறுத்தினேன். என்னா நிறுத்தினேன், கொஞ்சம்தான். உடனே பாடத்தை வுட்டுட்டா. டீச்சர், நீங்க பேசறப்ப வாக்கியத்துக்கு நடுவுல நிக்கறீங்க, முன்ன இப்படி நின்னதில்லன்னா. ராத்திரி எத்தினி தலகாணி வச்சிப் படுக்குறீங்க, காலு வீங்குதான்னு ஒரே கேள்வி."

"வீங்குதாக்கா?"

"செருப்பு புடிக்குது. அது செருப்புக் கடைக்காரன் பண்ண தப்பு." மறுபடி சிரித்தார். "டாக்டரைப் பாக்குறேன்னு சத்தியம் வாங்கிட்டா. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனா ஒரு நாளு பூரா போயிடும். சனிக்கிழமை பாக்கணும்."

"போயிட்டு வாங்கக்கா," என்றேன், மோர்மிளகாயைக் கடித்துக்கொண்டே. அவ்வளவுதான் என் அக்கறை. அந்த நாட்களில் அவர் மாடிப்படி திரும்பும் இடத்தில் நின்று, பட்டறையில் வேலை நடப்பதை வேடிக்கை பார்ப்பார். நான் அதை அவருடைய பொழுதுபோக்கு என்று நினைத்திருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை வருவதற்கு முன்பே மெய்லிங் காலை வகுப்பில் வந்துவிட்டார். வணக்கம் சொன்ன கையோடு கேட்டார்.

"டீச்சர், டாக்டரைப் பார்த்தீர்களா?"

அக்காவிடம் பாதியில் நின்ற பாடத்தை முடித்தாக வேண்டும். இந்தப் பேச்சில் இறங்கினால் நேரம் போய்விடும். இது அக்காவைக் கேட்கும் கேள்வி, எனக்கு என்ன தெரியும்? "பார்த்தேன்," என்றேன். யோசித்துச் சொன்ன பொய்கூட இல்லை. வாயிலிருந்து தானாக விழுந்தது.

"என்ன சொன்னார்?"

"பயப்பட ஒன்றும் இல்லையாம். மாத்திரை கொடுத்திருக்கிறார். சரி, இதையே பாடமாக வைத்துக்கொள்வோம். தினம் இருவேளை மாத்திரை எடுத்துக்கொள்கிறேன் என்று ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வீர்கள்?"

மெய்லிங் சொன்னார். சாப்பாட்டுக்கு முன் எடுத்தேன், பின் எடுத்தேன், இன்று எடுக்க மறந்துவிட்டேன், நாளையோடு நிறுத்தலாமா என்று எல்லா விதமாகவும் சொல்லவைத்தேன். இல்லாத மாத்திரையை வைத்துக்கொண்டு பிரமாதமாக ஒரு பாடம் நடத்தினேன். என் சாமர்த்தியம் எனக்கே பிடித்திருந்தது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

கடைசியில் மெய்லிங், "மூச்சை நன்றாக இழுத்து நிறுத்துங்கள், டீச்சர்," என்றார். இழுத்து நிறுத்தினேன். என் நுரையீரலுக்கு என்ன கேடு? நிறுத்தச் சொன்ன வரைக்கும் நிறுத்தினேன்.

"நல்ல மாற்றம்," என்றார் மெய்லிங். அவர் குரலில் நிம்மதி தெரிந்தது. "மாத்திரை வேலை செய்கிறது."

மதியம் அக்காவிடம் சொன்னேன். "நான்சி டாக்டரைப் பாத்துட்டாக்கா. மாத்திரையும் எடுத்துக்குறா. மறந்துடாதீங்க." அக்கா சிரிக்க ஆரம்பித்து, நிறுத்திக்கொண்டார்.

"ஐயோ வசந்தி, நடக்காததைச் சொல்லிட்டியே." கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு, "சரி, வுடு. சனிக்கிழமை போயிட்டு வந்து நடந்ததா ஆக்கிடுறேன்," என்றார்.

அந்தச் சனிக்கிழமை அவர் தம்பி வீட்டுக்கு விருந்தாளி வந்துவிட்டார்கள். அடுத்த சனிக்கிழமை கம்பெனியில் கூட்டம். நானும் கேட்கவில்லை. கேட்டுக்கொண்டே இருந்திருக்கக்கூடிய ஒரே ஆளின் வாயை நான் அடைத்துவிட்டேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. அக்காவின் வகுப்புக்கு மெய்லிங் மறுபடி வந்த மறுநாள், "நர்சு கேட்டாளாக்கா?" என்றேன்.

"மாத்திரை ஒழுங்கா எடுத்துக்குறீங்களான்னு கேட்டா. பேச்சை மாத்திட்டேன். டாக்டர்கிட்டயே போகலன்னு சொன்னா உன் தலைதானே உருளும்?" என்றார். மாணவர் புகார் கொடுத்தால் அந்த நாற்காலியில் இருந்து தூக்கிவிடுவார்கள். என் மகனுக்கு இன்னும் படிப்பு முடியவில்லை என்பது அவருக்குத் தெரியும். "நீ கவலப்படாத. இப்பல்லாம் சின்னச் சின்னதாப் பேசுறேன். நடுவுல நிக்கறது அவளுக்குக் கேக்காது."

இதைச் சொல்லும்போதும் அவர் சிரித்தார். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். கடவுளே, சிரித்தேன். ஒரு நர்ஸின் காதுக்குத் தப்புவதற்காக, என் பொய்யைக் காப்பாற்றுவதற்காக, அந்த மனுஷி தன் மூச்சை ஒளித்து ஒளித்துப் பேசினார். நான் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டேன்.

சில வாரங்களில் அந்துவானின் போன் வந்தது.

சாரத்து வீட்டில் அக்காவைக் கூடத்தில் வைத்திருந்தார்கள். பார்க்க வந்த டாக்டர், இருதயம் ரொம்ப நாளாகவே பலவீனமாக இருந்திருக்கும், காலைப் பார்த்தாலே தெரிகிறதே, யாரும் கவனிக்கவில்லையா என்று கேட்டாராம். அந்தக் கேள்வி வீட்டில் எல்லார் முகத்திலும் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. அந்துவானின் மனைவி என்னைப் பார்த்ததும், "ஒரே வூட்ல இருந்தும் தெரியலீங்களே," என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். வேறு எதுவும் செய்யவில்லை.

கல்லறையில் சாமியார் ஜெபம் முடித்து நகர்ந்ததும் அந்துவான் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"தினம் உங்களோடதான் சாப்பிடுவாங்க. உங்ககிட்ட ஏதாவது சொன்னாங்களா? மூச்சு வாங்குது, காலு வீங்குதுன்னு? எங்ககிட்ட ஒண்ணுமே சொல்லலியே."

"இல்லீங்க. ஒண்ணும் சொல்லல," என்றேன்.

அதைச் சொன்னவள் நான்சி அல்ல. அங்கே எனக்கு நாற்காலியும் இல்லை, காதில் மாட்டும் கருவியும் இல்லை. சொந்த முகத்தோடு நின்று, மண் போட்டுவிட்டு வந்த தம்பியிடம் சொன்னேன்.

மறுநாள் பிரபாகர் கூப்பிட்டார். அவருக்கும் கண் சிவந்திருந்தது. "மாணவர்களுக்கு எதுவும் சொல்ல வேணாம் மேடம். நான்சிதான் இருக்காங்களே. புது ஆள் வர்ற வரைக்கும் ரெண்டு ஷிப்டும் நீங்க பாத்துக்குங்க. ரூல் அப்படி," என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? சரி என்றேன். அக்காவின் நேரத்திலும் உட்கார்ந்தேன். மாணவர்கள் மதியத்துக்கு மேலும் நான்சி கோபமாக இருப்பதாகச் சொல்ல ஆரம்பித்தார்கள்.

மெய்லிங் வருவாரே என்று ஒவ்வொரு நாளும் பயந்தேன். வந்தார். முதல் தடவை பாடத்தை மட்டும் நடத்தி அனுப்பிவிட்டேன். இரண்டாம் தடவையும் அப்படியே. மூன்றாம் தடவை, வகுப்பு முடியும் நேரத்தில், அவராகவே பேசினார்.

"டீச்சர், சில வகுப்புகளாகக் கவனித்துவருகிறேன். நீங்கள் வாக்கியத்தின் நடுவில் நிற்பதே இல்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷம். எங்கள் வார்டில் சொன்னேன், நான் சொன்னதைக் கேட்டு உடனே டாக்டரிடம் போன ஒரே ஆள் என் டீச்சர்தான் என்று. எல்லாரும் சிரித்தார்கள்."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. வேலை போகும், மகன் படிப்பு, இதெல்லாம் அந்த நேரத்தில் நினைவுக்கு வந்தது. வந்தும் நிற்கவில்லை. மாணவர்களுக்குப் புரியும்படி சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசத்தான் எனக்குப் பழக்கம். அப்படியே சொன்னேன். நான்சி ஒரு ஆள் இல்லை. நாங்கள் இரண்டு பேர். நீங்கள் கேட்ட மூச்சு மற்றவருடையது. அவர் இறந்துவிட்டார்.

இணைப்பு அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன். அறுந்திருக்கவில்லை.

"டாக்டரைப் பார்த்தேன் என்று சொன்னது யார்?" என்று கேட்டார் மெய்லிங்.

"நான்."

"அவர் பார்த்தாரா?"

"இல்லை."

அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டு வாங்கத்தான் சொன்னேன் என்றுகூட இப்போது தோன்றுகிறது.

"மாத்திரையின் பெயர் என்ன என்று நான் கேட்டிருக்க வேண்டும்," என்றார். குரல் மிகவும் மெதுவாக இருந்தது. "வார்டுக்கு யார் வந்தாலும் முதலில் அதைத்தான் கேட்பேன். பெயர் கேட்காமல் எந்த நோயாளியையும் விடமாட்டேன். டீச்சரிடம் அப்படிக் கேட்பது மரியாதை இல்லை என்று விட்டுவிட்டேன். தவறு என்னுடையது."

"இல்லை, இல்லை," என்றேன். "உங்கள் தவறு இல்லை." வேறு வார்த்தை வரவில்லை. பிழைப்புக்கே ஆங்கிலம் பேசுகிறவள் நான். அந்த இரண்டு வாக்கியத்தையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். மெய்லிங் நம்பியதாகத் தெரியவில்லை. இறந்தவருடைய உண்மையான பெயர் என்ன என்று மட்டும் கேட்டார். பிலோமினா என்றேன். அதை இரண்டு மூன்று தடவை மெதுவாகச் சொல்லிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் வகுப்புக்கு வரவில்லை. புகாரும் கொடுக்கவில்லை.

சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்பார்கள். எனக்கு இறங்கவில்லை. ஒரு தப்பும் செய்யாத பெண்ணின் தலையில் கொண்டுபோய்க் கொஞ்சம் ஏற்றிவைத்ததுதான் மிச்சம்.

போன வாரம் அந்துவான் அலுவலகத்துக்கே வந்தார். அக்காவின் முப்பதாம் நாள் பூசைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கச் சின்னப் புத்தகம் ஒன்று அச்சடிக்கிறார்களாம். "ஆபீஸ்ல அவங்க எப்படி இருந்தாங்கன்னு எங்களுக்குத் தெரியாது. உங்களுக்குத்தான் தெரியும். நல்லதா நாலு வார்த்தை எழுதிக் குடுங்க, வசந்திம்மா," என்றார். படியேறி வந்ததில் அவருக்கும் லேசாக மூச்சு வாங்கியது. "நீங்க டாக்டரைப் பாத்தீங்களா?" என்று நான் கேட்ட வேகத்தில் அவர் மிரண்டுபோனார்.

எழுதிவிட்டேன், அந்துவான். மேலே உங்கள் அக்காவைப் பற்றி நான் சொன்ன நல்லதெல்லாம் உண்மை. இதுவும் உண்மை: அவர் என்னிடம் சொன்னார். மூச்சு வாங்குவதைச் சொன்னார், கால் வீங்குவதைச் சொன்னார். உங்களிடம் சொல்லாததை எல்லாம் என்னிடம் சொன்னார். ஒரே வீட்டில் இருந்தும் தெரியவில்லையே என்று உங்கள் மனைவி இனித் தலையில் அடித்துக்கொள்ள வேண்டாம். உங்களுக்குத் தெரிய வழியில்லை. எனக்குத் தெரிந்திருந்தது. இதைப் புத்தகத்தில் போட வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். பிரபாகர் படித்து எனக்கு வேலை போனாலும் போகட்டும். நீங்கள் இருவரும் மட்டும் கடைசிவரை படித்துவிடுங்கள். அதற்குப் பிறகு என்னை உங்கள் வீட்டுக்குள் விடுவதும் விடாததும் உங்கள் இஷ்டம்.

கடைசியாக நான் அவரை உயிரோடு பார்த்தது ஒரு மதியம். சாப்பிட்டு முடித்து அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் கழற்றிக் கொடுத்த காதுக் கருவியைப் புடவைத் தலைப்பால் துடைத்து மாட்டிக்கொண்டார். "கெளம்பு, கெளம்பு, பஸ்ஸு போயிடும்," என்று கையை ஆட்டினார். நான் பையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போய், என்னமோ தோன்றித் திரும்பிப் பார்த்தேன். திரையில் மாணவர் காத்திருந்தார். அக்கா பொத்தானை அழுத்தவில்லை. இரண்டு கையாலும் மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, ஒரு வணக்கம் சொல்வதற்கு வேண்டிய மூச்சைச் சேர்த்துக்கொண்டிருந்தார். சேர்த்து முடித்ததும் கண்ணைத் திறந்து, பொத்தானை அழுத்தி, நான்சியின் குரலில் உற்சாகமாகப் பேச ஆரம்பித்தார்.

நான் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு பஸ்ஸுக்குப் போய்விட்டேன்.

அக்கா, நான் போயிருக்கக் கூடாது. நீங்கள் போய் வாருங்கள்.